காலிப் பெட்டிக்கு மூச்சு வாங்கியவன்

பிடியில் கை வைத்துத் தூக்கிய கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் ஒன்றுமில்லை.

சுத்தமாக ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. மெத்தென்று ஏதோ ஒன்று மூலையில் கிடந்தது. துவாயாக இருக்கலாம். இன்னொன்று இரும்பு. பெட்டி சரிந்ததும் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டோடி 'டொக்' என்று முட்டியது.

பண்டாரவளை ஸ்டேஷன். பதுளையிலிருந்து வந்த காலைக் கோச்சி அப்போதுதான் மேல்பக்கமாகப் புறப்பட்டுப் போயிருந்தது. மேடையெல்லாம் டீசல் வாசனை. பனி இன்னும் முழுசாக விலகவில்லை. யாரோ அவித்த சோளம் விற்றுக்கொண்டு போனார்கள்.

என் முன்னால் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, காதில் சிவப்புக்கல் கடுக்கன், கக்கத்தில் குடை. பார்த்த மாத்திரத்தில் தோட்டத்துப் பெரிய கங்காணி என்று தெரிந்தது. நூறு பேரை வேலைக்கு ஏவிப் பழகின குரல். பெட்டி மட்டும் அவருடையதல்ல. பழுப்புத் தோல் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டில் இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. தோட்டத்துக் கிளாக்கர் யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

"ஹோட்டலுக்குங்களா ஐயா?"

"ஆமா. ஒரு நாளைக்கு ரூம்பு வேணும். பொட்டி இருக்கு" என்றார். பெட்டி இருப்பதை எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒன் பேரென்ன?"

"பெரியசாமிங்க."

தலையிலிருந்து கால்வரை பார்த்தார். திரும்பக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். மாடு வாங்கப் போகிறவர்கள் பார்க்கிற பார்வை அது.

"ம். தூக்கு, பாப்போம்."

பெட்டி சொல்லும் சேதி

ஹோட்டல் சமையற்காரரைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு மொனராகலையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'ஏழு வாரமாக அந்த ஹோட்டலைப் பற்றியே எழுதுகிறீர்கள். நீங்கள் அங்கே என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்' என்று. உத்தியோகம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயா, நான் பெட்டி தூக்கினேன்.

ஹோட்டல் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. ரயிலில் வருகிறவர்களின் சாமான்களை மேடையிலேயே வாங்கி, குறுக்குப் பாதையில் ஏறி, ஹோட்டல் வாசலைத் தாண்டி, மரப்படிகளில் மாடிக்குக் கொண்டுபோய் அறையில் வைப்பது என் வேலை. எனக்கொரு தொப்பியும் நீலக் கோட்டும் கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னிருந்த ஆள் நல்ல பருமன். அவருடைய கோட்டுக்குள் நான் வாடகைக்குக் குடியிருந்த மாதிரி இருப்பேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பார்க்க ஒல்லி. ஆனால் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியைத் தலையில் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளிலும் இரண்டு சூட்கேஸோடு மேடு ஏறுவேன்.

பெட்டி தூக்குகிறவனுக்கு ஆட்களைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத விஷயங்கள் தெரியும். புதுமாப்பிள்ளை பெண்டாட்டி வந்தால் பெட்டியின் பிடி கறுக்மொறுக்கென்று சத்தம் போடும், இரண்டும் புதுசு. கொழும்பிலிருந்து தோட்டக் கணக்குப் பார்க்க வரும் பெரிய மனிதர்களின் பெட்டியில் போத்தல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். துரைமார் வீட்டு அம்மாமாரின் பெட்டி பூச்சி உருண்டை வாசம் அடிக்கும்.

ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வரும்போது கைப்பை ஒன்றுதான். போகும்போது ஒரு பெட்டி கூடியிருந்தது. அதைத் தூக்கியபோது என் முதுகெலும்பு ஒரு விநாடி பாட்டுப் பாடியது. மாணிக்கக் கல்லாக இருக்குமோ என்று ஹோட்டலே கிசுகிசுத்தது. ஸ்டேஷனில் அவர் எனக்குக் காட்டுவதற்காகவே ஆசையோடு திறந்தார். அத்தனையும் பக்கத்து ஊர் எல்லவின் ரோட்டோரத்துக் கல். நான் சின்ன வயதில் மாங்காய் அடிக்கப் பொறுக்கிய அதே கல். கடல் தாண்டிக் கொண்டுபோகிறாராம். போகட்டும்.

மொனராகலைப் பக்கத்து வாத்தியார்

மொனராகலை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் கங்காணியின் பெட்டியை நான் ஏன் அப்படித் தூக்கினேன் என்பது புரியாது.

எங்கள் மெனேஜர் மாத்தயாவிடம், சிங்களத்தில் ஐயாவை அப்படித்தான் சொல்வோம், ஒரு சட்டம் இருந்தது. பெட்டி இல்லாதவர்களுக்கு அறை இல்லை. பெட்டி இருந்தும் அதில் கனம் இல்லாவிட்டால் அப்போதும் அறை இல்லை. "சாமான் இல்லாத ஆள் விடியக் காலையில கம்பி நீட்டிருவான்" என்பார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். என் தோளைப் பார்ப்பார். தோள் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தராசு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மொனராகலைப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு இருமல். குளிர்ந்த காற்றில் இரண்டு நாள் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்கள் பெட்டி பூப்போல இருந்தது. நான் என் பலத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அதைச் சுண்டுவிரலில் மாட்டி, ஆட்டிக்கொண்டு, சீழ்க்கை வேறு அடித்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தேன்.

மெனேஜர் என் தோளைப் பார்த்தார். "ரூம் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

வாத்தியார் அங்கேயே குனிந்து பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு சேலை, ஒரு வேட்டி, மருந்துப் போத்தல். "நாங்க ஓடிப்போற ஆக்கள் இல்ல" என்றார். மெனேஜர் அதையும் பார்க்கவில்லை. அவர்கள் மழையில் திரும்பி ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனார்கள். அந்த அம்மா இருமுவது மேட்டுவரைக்கும் கேட்டது.

அன்றிலிருந்து எவ்வளவு லேசான பெட்டியானாலும் வாசலைத் தாண்டும்போது எனக்குத் தோள் தானாகச் சரிந்துவிடும்.

மாடிப்படியில் இரண்டு பேர்

கங்காணியின் பெட்டிக்கு வருகிறேன்.

தோளைச் சரிப்பது பெரிய காரியமில்லை. இந்தப் பெட்டியில் சிக்கல் அந்த இரும்புதான். நடந்தால் 'டொக்'. நின்றால் 'டொக்'. நிறைந்த பெட்டியில் எதுவும் உருளாது என்பது மெனேஜருக்கும் தெரியும். அதனால் பெட்டியை ஒரு பக்கமும் சாயாமல் தட்டையாகப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, அடிமேல் அடிவைத்து மேடு ஏறினேன். கனம் இருக்கிறதென்று காட்ட இடையிடையே முனகவும் செய்தேன்.

பின்னால் வந்த கங்காணி ஒரு தடவை மட்டும், "ஏம்ப்பா, நின்னு மூச்சு வாங்கிட்டுப் போறியா?" என்றார்.

"பரவாயில்லைங்க ஐயா. நல்ல பாரம்" என்றேன். அவர் மானத்தைக் காப்பாற்றுகிற பெருமை எனக்கு.

வாசலில் மெனேஜர் நிமிர்ந்தார். என் தோள் முழங்கால்வரை வந்திருந்தது. கங்காணியைப் பார்த்து முதல் தடவையாக நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்தளவு கனமாகப் பெட்டி வைத்திருக்கிற மனிதர் என்றால் சும்மாவா?

"வாங்க, வாங்க! நல்ல ரூம் இருக்கு. மலைப் பக்கம் ஜன்னல்" என்றவர், நான் மாடிப்படியில் முதல் காலை வைத்துத் திணறுவதைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார். அங்கேதான் வினை பிடித்தது.

"பந்துல! பெரியசாமி பாவம். ஒரு பக்கம் புடி!"

பந்துல எங்கள் ரூம் போய், அறைகளைக் கூட்டிப் பெருக்குகிற பையன். நல்ல உடம்பு, நல்ல மனசு. நான் வேண்டாமென்று சொல்வதற்குள் ஓடிவந்து, குனிந்து, பல்லைக் கடித்து, முழுப் பலத்தையும் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கினான்.

பெட்டி அவன் மூக்குக்கு மேலே போய்விட்டது. உள்ளே இரும்பு கோடிக்குக் கோடி பறந்து 'டொக்' என்றது. பந்துல பின்னால் சாய்ந்து சுவரில் மாட்டியிருந்த மான்தலையில் போய் முட்டினான். மான் ஒருபக்கமாகத் திரும்பி எங்களைப் பார்த்தது.

"பாரம்டா, பாரம்!" என்று பல்லிடுக்கால் சொன்னேன்.

பந்துல என் முகத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கீழே நின்ற மெனேஜரைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிய ஒரு விநாடிதான் ஆனது.

"அம்மே!" என்று அலறினான். "மகே அம்மே! முதுகு போச்சு!"

அவனுக்கு அளவு தெரியாது. நான் முனகினால் அவன் கத்தினான். நான் ஒரு படிக்கு நின்றால் அவன் உட்கார்ந்தே விட்டான். பாதி வழியில் தோளில் கிடந்த துணியை எடுத்து நெற்றியைத் துடைத்து, அதைப் பிழிந்தும் காட்டினான். அப்படியாக நாங்கள் இருவரும் ஒரு துவாயை மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு எங்கள் பின்னால் ஒவ்வொரு படியாக வந்தார். அவர் முகத்தில் இருந்தது ஆச்சரியம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது கவலை.

பாதிச் சோறு

மத்தியானம் அவருக்குச் சாப்பாட்டை நான்தான் மாடிக்கு எடுத்துப் போனேன். அரிசிக்கும் பாண் ரொட்டிக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம் அது. தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்தி. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் மரவள்ளிக் கிழங்கை மூன்று வேளையும் அவித்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டலில் மட்டும் எப்படியோ சோறு இருந்தது.

"ஒக்காரு" என்றார் கங்காணி.

"நாங்க இங்க உக்காரக் கூடாதுங்க."

"இங்க மெனேஜருக்கு அடுத்த ஆளு யாரு?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். "மெனேஜருக்கு அடுத்தது ரிசெப்ஷன் ஐயாங்க. அப்புறம் சமையக்கார ஐயா. அப்புறம் ரூம் போய் பந்துல. அப்புறம் தோட்டக்காரரு. அவருக்கு அப்புறம் நாய் ஒண்ணு இருக்குங்க. அது மெனேஜரோட நாய். அதையும் விட்டா நான்."

அவர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கெல்லாம் சாப்பாடு ஒழுங்கா போடுறாங்களா?"

"போடுறாங்க ஐயா."

"பொய் சொல்லாத" என்றார். தட்டில் இருந்த சோற்றைச் சரிபாதியாக வகுத்தார். பெரிய மீன் துண்டை என் பக்கம் தள்ளினார். "சாப்புடு. என் கண்ணு முன்னாலயே சாப்புடு."

கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சாப்பிட்டேன். முள் குத்தாமல் சாப்பிடுகிறேனா என்று குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். மறுநாள் காலை ரயிலுக்குப் பெட்டியை எடுக்கப் போனால் அவரே கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். "வேணாம்ப்பா. நீ ஒடம்பப் பாத்துக்க."

காசிம் நானா கொண்டுவந்த செய்தி

நான்கு நாள் கழித்துக் காசிம் நானா வந்தார். பதுளைக்காரர். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். சேலையோடு சேர்த்து லயங்களின் சேதிகளையும் கொண்டுபோய்க் கொண்டுவருவார். என் அம்மா அவரிடம், "நானா, எங்க பெரியசாமிக்கு ஒரு நல்ல எடம் இருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஹாலிஎலப் பக்கத்தில் ஒரு கங்காணியின் மகள், பெயர் மீனாட்சி என்பதுவரைக்கும் நானா எங்களிடம் சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருந்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

ஹோட்டல் பின்வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த எடம் சரிவராது. கருப்பண்ணன் கங்காணி வேணாம்னுட்டாரு."

"ஏன் நானா? பெட்டி தூக்குற வேலைன்னா?"

"அதுல அவருக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் கொஞ்சம் கூட்டி, மெனேஜருக்கு அடுத்த ஆள்னு செல்லியிருந்தேன். அதயும் மன்னிச்சுட்டாரு. ஒங்கட ஒடம்புதான் வேணாமாம். சீக்காளியாம். துவாயும் பாக்குவெட்டியும் மட்டும் இருந்த பொட்டிய தூக்க முடியாம, இன்னொரு சீக்காளியோட சேந்து மூச்சு வாங்கினீங்களாமே? 'அந்த ஹோட்டல்ல எவனுக்கும் ரத்தம் இல்ல நானா, பட்டினி போடுறானுக'ன்னு கண்ணால தண்ணி விட்டுட்டாரு மனுசன்."

கடுக்கன், கோட்டு, மாடு பார்க்கும் பார்வை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. மாப்பிள்ளை பார்க்க ஆள் தெரியாமல் வந்திருக்கிறார். பெட்டி இல்லாவிட்டால் அறை தரமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு இரவல் பெட்டி வேறு.

"நானா, அது நடிப்பு!" என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் கதையையும் சொன்னேன்.

நானா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "இத அவருக்கிட்ட செல்லவா?"

"சொல்லுங்க!"

"அவசரப்படாதீங்க. தன்னோட பொட்டி வெறும் பொட்டின்னு ஒரு கூலிக்காரப் பயலுக்கு ஸ்டேஷன்லயே தெரிஞ்சுபோச்சு, அவன் பரிதாபப்பட்டு நடிச்சான்னு தெரிஞ்சா, அந்த மனுசன் என்னா ஆவாரு? பெரிய கங்காணி தம்பி. கல்யாணத்த விடுங்க, என்ட துணி மூட்டையும் அந்தத் தோட்டத்துக்குள்ள போகாது."

அவர் சொன்னது சரிதான். சீக்காளியாக இருந்தால் பெண் கிடையாது. சீக்காளி இல்லையென்று காட்டினால் மாமனாருக்கு அவமானம். அப்போதும் பெண் கிடையாது. அன்று சாயந்தரம் ஒரு குடும்பத்தின் மூன்று பெட்டிகளை வேண்டுமென்றே ஓட்டமாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் பார்க்கவில்லை.

சந்தையில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். பண்டாரவளைச் சந்தையில் கோவாவும் கரட்டும் மலைமலையாகக் கிடக்கும். ஈர மண் வாசம் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். உருளைக்கிழங்கு வியாபாரியின் சாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட ஒரு வயதான அம்மா.

"நீங்கதான ஹோட்டல்ல பொட்டி தூக்குறவரு?"

"ஆமாங்க."

"இந்தச் சாக்கத் தூக்கி எங்க அத்தையோட வண்டில வைங்க, பாப்போம்."

குரலைக் கேட்டதுமே எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. 'தூக்கு, பாப்போம்' என்ற அதே அதிகாரம். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டு நடந்து மாட்டுவண்டியில் வைத்தேன். அவள் என் நெஞ்சையே கவனித்தாள், மூச்சு வாங்குகிறதா என்று.

"அப்ப எங்கப்பா பொட்டிக்கு மட்டும் ஏன் அப்படித் திணறுனீங்க? நானா எதையோ மறைக்கிறாரு. நீங்க சொல்லுங்க."

"உள்ள பாக்குவெட்டி உருண்டுச்சுங்க. மெனேஜருக்குக் கேட்டுறக் கூடாதேன்னு..."

மீதியைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. மான்தலை வந்த இடத்தில் வெடித்துச் சிரித்தாள். சந்தையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வாத்தியாரம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

"தெரியாதுங்க."

"ம்." பிறகு, ஏதோ கணக்கை முடித்துவிட்டவள்போல நிமிர்ந்தாள். "எங்கப்பாகிட்ட உண்மையச் சொல்லிறாதீங்க. நீங்க சீக்காளியாவே இருங்க."

"அவர்தான் சீக்காளிக்குப் பொண்ணு தரமாட்டேங்கிறாரே?"

"சீக்குன்னா மருந்து குடிச்சா தீந்துரும். எங்கப்பாவுக்கு வெக்கமாயிருச்சுன்னா தீராது. மருந்து குடிக்கிறதுக்கு நீங்க தயாரா?"

தயார் என்றேன். என்ன மருந்து என்று கேட்கத் தோன்றவில்லை.

சிவப்பு டானிக்

வீட்டில் அவள் என்ன செய்தாள் என்று முழுசாக எனக்குத் தெரியாது. இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று நானா சொன்னார். இரண்டு நாளும் அத்தை வீட்டில் சாப்பிட்டாள் என்றும் அவரே சொன்னார். கடைசியில் கங்காணி ஒரு வழிக்கு வந்தார். தோட்டத்து மருந்தய்யா என்னைச் சோதித்து, இந்தச் சீக்கு தீரக்கூடியது என்று சொன்னால் பார்க்கலாம்.

மருந்தய்யா என்பது தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிஸ்பென்சர். காய்ச்சலா, கால் முறிவா, எதுவானாலும் அவர்தான். என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சில் தட்டினார். முதுகில் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். கங்காணி பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லா தட்டிப் பாருங்க ஐயா, உள்ளுக்குள்ள இருக்கு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"ஒண்ணுமில்லயே. ஆள் நல்லாத்தான் இருக்கான்."

"ஐயாவுக்குத் தெரியாது. நான் கண்ணால பாத்தேன்" என்றார் கங்காணி.

வெளியே பத்துப் பதினைந்து பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள். மருந்தய்யா பெருமூச்சுவிட்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெரிய போத்தலை எடுத்துச் சிவப்பாக எதையோ ஊற்றிக் கொடுத்தார். "மூணு மாசம் குடிக்கட்டும். சரியாயிரும். அடுத்த ஆள்!"

மூன்று மாதம் குடித்தேன். துருப்பிடித்த ஆணியை வேப்பெண்ணெயில் ஊறவைத்தமாதிரி ஒரு ருசி. பந்துல ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாக வழிவிட்டான். மூன்றாம் மாத முடிவில் கங்காணி வந்து என் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் ஊறியிருக்கிறது என்றார். கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது.

ஆனால் சீக்கு முற்றாகத் தீர்ந்தது என்று அவர் ஒருநாளும் நம்பவில்லை. ஹாலிஎல ஸ்டேஷனில் நாங்கள் இறங்கினால் ஓடிவந்து என் கைப்பையைப் பிடுங்கிக்கொள்வார். ஊரெல்லாருக்கும் பெட்டி தூக்குகிற நான் கைவீசி நடக்க, பெரிய கங்காணி என் பையைச் சுமந்துகொண்டு முன்னால் மலையேறுவார். லயமே வாசலில் வந்து நின்று பார்க்கும். நான் ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டாலும், "மாப்ள! வை, வை!" என்று கூப்பாடு போடுவார். மீனாட்சி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள்.

மழைநாள்

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு மழைக்காலத்தில் நாங்கள் அங்கே போயிருந்தபோது, மாமா மலையில் தண்ணீர் ஓடும் கான் ஒன்றில் வழுக்கி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் கோணலாகக் கிடந்தது. மழையில் ரோட்டு அறுத்துக்கொண்டு போயிருந்ததால் லொறி லயம்வரைக்கும் ஏறாது. கீழே தேயிலை ஸ்டோர்வரை அவரைக் கொண்டுபோனால்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தூளி கட்டக் கம்பும் சாக்கும் தேடி ஆட்கள் ஓடினார்கள். அவர் முகம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தார்.

நான் குனிந்து அவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டேன்.

அதுவரை முனகாத மனிதர் அப்போதுதான் கத்தினார். "டேய், இறக்கி விடுங்கடா! எவன்டா இவரத் தூக்கவிட்டது? மாப்ளைக்கு நெஞ்சு சீக்குடா! எனக்குக் காலுதான்டா போச்சு, அவருக்கு உசுரு போயிரும்டா! என் மக தாலிய அறுத்துறாதீங்கடா!"

வழுக்குப் பாதை. பெட்டியானால் எங்காவது இறக்கிவைத்து மூச்சு விடலாம். இவரை இறக்க முடியாது. காலைத் தேயிலைச் செடியில் இடிக்காமல், ஆட்டாமல், அலுங்காமல், ஒரு மைலுக்கும் கூட இறங்கினேன். மாமா நல்ல கனம். வாழ்நாளில் நான் தூக்கியதில் அந்த ஒன்றுக்குத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் பாதி வழிவரை என்னைத் திட்டினார். மீதி வழி, "மெதுவா ராசா, மெதுவா, நின்னு மூச்சு வாங்கிட்டுப் போ" என்று என் காதுக்குள் கெஞ்சினார். அவர் தாடை என் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டோர் வாசலில் லொறியில் படுக்கவைத்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கிட்ட வா." என் நெஞ்சில் காதை வைத்தார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மூச்சே வாங்கலையே" என்றார்.

இனி எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. முறிந்த காலை மறந்து முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "பாத்தீங்களாடா? மருந்தய்யா டானிக்! மூணு மாசம் குடிக்க வச்சேனே, நான் விட்டேனா? வேலையக் காட்டுது பாத்தீங்களா!"

மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து, "கவலப்படாதம்மா, கால் கூடிரும்" என்றார்கள்.

கால் கூடிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோருக்கும் அந்த டானிக்கின் பெருமையைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவர் வீட்டுக்கு வரவில்லை. வந்த அன்றே, மருந்தய்யாவுக்கு ஒரு சேவல் கொடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். நல்ல கொழுத்த சேவல். காலைக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன்.

"எதுக்குப்பா இது?" என்றார் மருந்தய்யா.

"டானிக்குக்குங்க ஐயா. மாமா குடுக்கச் சொன்னாரு."

"எந்த டானிக்?"

"நீங்க எனக்குக் குடுத்தீங்களே, செவப்பா."

மருந்தய்யா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி யோசித்தார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்பது தெரிந்தது. சேவலைக் கையில் வாங்கி ஒருதரம் தூக்கிக் கனம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "அது நல்ல டானிக்."